அந்த ஓர் இரவுக்கு வந்துசேரும் வழிகள்

*ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெற நிற்பவர்களில் இருவர் ஒரே பாதையில் வந்ததாகக் கேட்டதில்லை. ஒருவர் தாகத்தோடு வருகிறார், ஒருவர் கேள்வியோடு, ஒருவர் எல்லாம் இழந்து. வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டவரும் உண்டு.*

இரவு பதினொரு மணிக்குமேல் கோயிலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். வெளியே, கொடிமரத்துக்குப் பக்கத்தில், விறகும் தென்னமட்டையும் அடுக்கித் தீ மூட்டியிருக்கும். பங்குச் சாமியார் பாஸ்கா திரியில் சிலுவை கீறுவார். அகரமும் னகரமும் எழுதுவார். அந்த ஆண்டின் நான்கு எண்களைப் பொறிப்பார். ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். புதுத் தீயில் ஏற்றிய அந்தத் திரி இருட்டுக்குள் நுழையும். அதன் பின்னால் ஊர் நுழையும். சின்ன வயதில் அந்த இரவில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். முன்வரிசையில் ஒரு திரி, பிறகு இரண்டு, பிறகு பத்து என்று வெளிச்சம் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசையை நோக்கி வருவது. காகித வட்டத்தைத் தாண்டி விரலில் சொட்டும் மெழுகின் சூடுகூட இன்னும் நினைவில் இருக்கிறது.

வளர்ந்த பிறகுதான் முன்வரிசையில் நிற்கும் அந்தச் சிலர் கண்ணில் பட்டார்கள். ஓர் ஆண்டு ஒருவர், ஓர் ஆண்டு நான்கைந்து பேர், சில ஆண்டுகளில் யாருமே இல்லை. எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். மறையுரை முடிந்ததும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாடி, தண்ணீரை மந்திரித்து, தலையில் மூன்று முறை ஊற்றுவார்கள். ஈரத் தலையோடு வெள்ளாடை போர்த்தி நிற்கும்போது, ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ பாஸ்கா திரியில் பற்றவைத்த மெழுகுவர்த்தியை அவர்கள் கையில் கொடுப்பார்கள்.

பூசை முடிந்து முற்றத்தில் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும்போது யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: “இவங்க எப்படி இதுக்கு வந்தாங்க?” பதிலும் உடனே வரும். கல்யாணத்துக்காக இருக்கும். வேளாங்கண்ணியில் ஏதாவது வேண்டுதல் பலித்திருக்கும். நோய் குணமாகியிருக்கும். யாரோ பேசி மனதை மாற்றியிருப்பார்கள். வெளியே இருக்கிறவர்களிடமும் இதேபோல் தயாரான பதில்கள் உண்டு. அவர்கள் ‘மதமாற்றம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். இரண்டு தரப்பும் செய்யாத ஒன்று உண்டு. வந்தவரின் கதையை அவர் வாயால், உட்கார்ந்து, கடைசிவரை கேட்பது. ஈஸ்டர் இரவின் வரலாற்றைப் புரட்டினால், நம் கையிலிருக்கும் எந்தப் பதிலுக்குள்ளும் அடங்காத மனிதர்களே அதில் நிறைந்திருக்கிறார்கள்.

பிரான்சில் எழுதப்படும் கடிதங்கள்

2025 ஈஸ்டருக்குப் பிரான்சின் கத்தோலிக்கத் திருச்சபையில் 10,384 பெரியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்த எண்ணிக்கை 7,135. ஒரே ஆண்டில் 45 விழுக்காடு உயர்வு. 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள் 7,400க்கும் மேல். பெரியவர்களிலும் 42 விழுக்காட்டினர் 18 முதல் 25 வயதுக்காரர்கள்.

பிரான்சைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது திகைப்பூட்டும் செய்தி. அரசையும் திருச்சபையையும் 1905லேயே சட்டம் போட்டுப் பிரித்த நாடு அது. பாட்டி கோயிலுக்குப் போனாள், அம்மா நிறுத்திவிட்டாள், மகளுக்குக் கோயிலின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்றே தெரியாது. இப்படித்தான் அங்கே மூன்று தலைமுறைகள் நகர்ந்தன. எத்தனையோ கோயில்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் வெறிச்சோடின. பாட்டி போய்வந்த அந்த இடத்துக்கு இப்போது பேத்தி யாரும் அழைக்காமல் வந்து நிற்கிறாள்.

அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. திருமுழுக்குக் கேட்பவர்கள் உடனே அதைப் பெறுவதில்லை. பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டுக்கும் மேல், ஒரு சிறு குழுவோடு சேர்ந்து நற்செய்தியைப் படிக்கிறார்கள். பிறகு தங்கள் பாதையைத் தாங்களே எழுதி ஆயருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்கள். தவக்காலத்தின் தொடக்கத்தில் ஆயர் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். வீட்டில் நேர்ந்த ஒரு மரணம், ஒரு தோழியின் அழைப்பு, அலைபேசியில் தற்செயலாகக் கேட்ட ஒரு பேச்சு, பழைய கோயிலொன்றின் அமைதிக்குள் காரணம் தெரியாமல் வந்த கண்ணீர் என்று தொடங்கும் இடங்கள் பல. அந்தக் கடிதத்தை எழுத வைப்பதே ஒரு மரியாதை. உன் கதையை வேறு யாரும் சொல்ல வேண்டாம், நீயே சொல் என்கிற மரியாதை.

ஏன் இந்த இரவு?

திருமுழுக்கை எந்த நாளிலும் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு ஈஸ்டர் இரவைத் தேர்ந்ததற்குக் காரணம், தண்ணீரும் கல்லறையும் ஒன்றையே சொல்கின்றன என்று ஆதித் திருச்சபை நம்பியது. தண்ணீருக்குள் இறங்குவது கிறிஸ்துவோடு சாவது. எழுந்து வருவது அவரோடு உயிர்ப்பது. பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் ஆறாம் அதிகாரம் சொல்வதும் இதைத்தான். ஆகவே கிறிஸ்து கல்லறையிலிருந்து எழுந்த இரவே இவர்கள் தொட்டியிலிருந்து எழும் இரவானது.

ஆனால் அந்த இரவுக்கு யாரும் ஓடி வந்து சேர்ந்துவிட முடியாது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண் அங்கே கண்டதை எழுதிவைத்திருக்கிறார். தவக்காலத் தொடக்கத்தில் ஆயர் நடுவில் அமர்ந்திருப்பார். திருமுழுக்குக் கேட்பவர் ஒவ்வொருவராக முன்னால் வருவார். ஆயர் விசாரிப்பது அவருடைய அக்கம்பக்கத்தாரை. இவர் ஒழுங்காக வாழ்கிறாரா, பெற்றவர்களை மதிக்கிறாரா, குடிகாரரா, பொய் பேசுகிறவரா? நல்ல சாட்சி கிடைத்தால் பெயரைத் தம் கையால் எழுதிக்கொள்வார். இல்லையென்றால், திருந்திய பிறகு வா என்று அனுப்பிவிடுவார். பெயர் எழுதப்பட்டவர்களுக்கு ஏழு வாரம், நாள்தோறும் மூன்று மணி நேரம் பாடம்.

நம்பிக்கை கொண்டாயா என்று கேட்குமுன், உன் தெருவில் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட சபை அது. பின்னாளில் இந்தப் பொறுமை தேய்ந்துபோனது. குழந்தைத் திருமுழுக்கே பொதுவழக்கமாகி, பெரியவர்களுக்கான படிகள் மறைந்தன. பாஸ்கா திருவிழிப்பேகூட பல நூற்றாண்டுகள் சனிக்கிழமைக் காலையில், வெயில் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. 1951ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவர அனுமதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெரியவர்களுக்கான படிப்படியான ஆயத்தத்தைத் திரும்ப நிறுவச் சொன்னது; 1972ல் அதற்கான சடங்குமுறை வெளிவந்தது. நம் பங்குகளில் இன்று ஈஸ்டர் இரவில் காண்பது அந்தப் பழைய மரத்தில் மறுபடி விட்ட துளிர்.

அந்த முறையின்படி தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் திருமுழுக்குப் பெறவிருப்பவர்களுக்காகத் தனி மன்றாட்டு உண்டு. அந்த மூன்று ஞாயிறுகளுக்கும் யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று கதைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண். பிறவியிலேயே பார்வையற்ற மனிதர். செத்து நான்கு நாளான இலாசர். தாகம், கேள்வி, இழப்பு. இந்த மூன்று வழிகளிலும் நடந்து வந்தவர்களை வரலாற்றில் அடையாளம் காட்ட முடியும். அவர்களில் இருவர் நம் மண்ணுக்காரர்கள்.

கிணற்றடியிலிருந்து ஒருத்தி

சமாரியப் பெண் நண்பகலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தாள். ஐந்து கணவர்கள் இருந்தார்கள். இப்போது உடன் இருப்பவன் கணவன் அல்ல. ஊர் ஒதுக்கிய பெண் என்று இதைப் படிக்கும் எவரும் ஊகிக்கலாம். அவளிடம்தான் இயேசு தண்ணீர் கேட்டார். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி எல்லோரையும் அழைத்து வந்தவளும் அவள்தான்.

பாளையங்கோட்டையில் இந்தக் கதை இன்னொரு முறை நடந்தது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண குலத்தில் பிறந்து இளம்வயதில் விதவையான ஒரு பெண், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். உடன்கட்டை ஏறுவதிலிருந்து அவரைக் காப்பாற்றியவரே அந்த அதிகாரி என்று மரபு சொல்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையை அவர் அந்த வீட்டில்தான் முதலில் கேட்டார். திருமுழுக்குக் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்பது அவர் நிலை. அதிகாரி இறந்த பிறகு, 1778ல், அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார்.

பிறந்த குலத்துக்கும் புறம்பு, மறுத்துவிட்ட சபைக்கும் புறம்பு. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு மனிதர் மனம் கசந்து திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் திரும்பவில்லை. பாளையங்கோட்டையில் எழுந்த சிறு சபைக்கு அவரே தாயானார். அவர் முயற்சியில் கட்டப்பட்ட கோயில் 1785ல் அர்ப்பணம் செய்யப்பட்டது. இன்றும் ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறது. பக்கத்தில் ஊருக்காக அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயரோடு நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபைகள் தம் வேரைத் தேடினால், சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ஒரு பெண்ணில் போய் முடியும்.

கண் திறக்கும்வரை

பார்வையற்றவரின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. கண் திறந்தது ஒரு நொடியில். ஆனால் திறந்தவர் யார் என்று புரிய ஓர் அதிகாரம் முழுவதும் ஆகிறது. முதலில், இயேசு எனப்படும் மனிதர் என்கிறார். பிறகு, இறைவாக்கினர் என்கிறார். பிறகு, கடவுளிடமிருந்து வந்தவர் என்று வாதாடுகிறார். கடைசியில்தான் காலில் விழுகிறார். இடையில், தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்களே என்ற பயத்தில் பெற்றவர்களே பின்வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் சொல்வதா, வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவிக்கும் எவருக்கும் இந்த அதிகாரம் தன் வீட்டுக் கதைதான்.

அகுஸ்தினின் வழி இப்படிப்பட்டது. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தேயில் பிறந்தவர், மெத்தப் படித்தவர், பேச்சுக்கலை ஆசிரியர். தீமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு ஒன்பது ஆண்டுகள் மானி மதத்தில் இருந்தார். அங்கும் பதில் கிடைக்கவில்லை. தாய் மோனிக்கா அழுது செபித்துக்கொண்டு கடல் கடந்து பின்னாலேயே வந்தார். மிலானில் அகுஸ்தின் ஆயர் அம்புரோசின் மறையுரையைக் கேட்கப் போனார். முதலில் பேச்சழகுக்காக, பிறகு பொருளுக்காக. 386ல் ஒரு தோட்டத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் குரல் எடுத்துப் படிக்கச் சொல்வதுபோல் காதில் விழ, பவுலின் கடிதத்தைத் திறந்து படித்தார். அந்தக் காட்சியை உலகம் அறியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அவர் மறுநாளே ஓடிப்போய்த் தண்ணீர் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே நண்பர்களோடு தங்கி யோசித்தார், எழுதினார். 387 தவக்காலத்தில் மிலானுக்குத் திரும்பிப் பெயர் கொடுத்தார். ஏப்ரல் 24 இரவு, ஈஸ்டர் விழிப்பில், மகன் அதெயோதாத்துசும் நண்பர் அலிப்பியுசும் கூட இறங்க, அம்புரோசு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அந்த எட்டுக்கோணத் தொட்டியின் அடித்தளம் இன்றும் மிலான் பேராலயத்துக்குக் கீழே இருக்கிறது.

இதேபோல் மெதுவாக வந்தவர் வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா அரசர் எட்வின். அரசி கிறிஸ்தவர், அவரோடு வந்த பவுலினுஸ் என்ற துறவியும் அரண்மனையில் இருந்தார். 626 ஈஸ்டர் நாளில் விஷம் தோய்த்த கத்தியோடு ஒருவன் பாய்ந்தான். மெய்க்காவலர் ஒருவர் குறுக்கே விழுந்து உயிரைக் கொடுத்து அரசரைக் காப்பாற்றினார். அதே இரவு அரசிக்குப் பெண்குழந்தை பிறந்தது. அப்போதும் அரசர் அவசரப்படவில்லை. தனியாக அமர்ந்து நெடுநேரம் யோசிப்பார் என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார். அவையைக் கூட்டினார். ஒரு பிரபு எழுந்து ஓர் உவமை சொன்னார். குளிர்கால இரவில் நெருப்பு எரியும் கூடத்துக்குள் ஒரு சிட்டுக்குருவி ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் பறந்துபோகிறது; மனித வாழ்வும் அந்தக் கொஞ்ச நேர வெளிச்சம்தான்; முன்னும் பின்னும் இருப்பதைப் பற்றி இந்தப் புதிய போதனை ஏதாவது சொல்லுமானால் கேட்கலாமே என்றார். 627 ஏப்ரல் 12, ஈஸ்டர் நாள். யார்க்கில் அவசரமாக எழுப்பிய மரக்கோயிலில் எட்வின் தண்ணீருக்குள் இறங்கினார்.

வாளோடு இருந்த அரசரே ஓராண்டு யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்கு இடம் கொடுத்துக் காத்திருந்த பவுலினுசையும் மறக்கக் கூடாது. கேள்வி கேட்பவரை அவசரப்படுத்தும் போதகர் அவர் கண்ணைத் திறக்க விடுவதில்லை.

நான்கு நாள் கல்லறை

மூன்றாவது வழி, எல்லாம் முடிந்துபோனது என்ற இடத்திலிருந்து தொடங்குவது. இலாசர் கல்லறைக்குள் நான்கு நாள் கிடந்தார்.

கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியாளர். பயிரும் மாடும் அடுத்தடுத்து அழிந்து மனம் உடைந்திருந்த காலத்தில் அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தார். 1741 குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய். ஒரு நாள் டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். தோற்றுச் சிறைப்பட்டவர் சொல்ல, இழந்து நொந்தவர் கேட்டார். 1745 மே மாதம், ஈஸ்டருக்கும் பெந்தெகோஸ்தேக்கும் இடைப்பட்ட பாஸ்கா காலத்தில், நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குக் கொடுத்த பெயர் இலாசர். ‘கடவுள் உதவினார்’ என்ற பொருளுடைய அந்த எபிரேயப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது.

மேல்குலத்தார் என்று சொல்லப்பட்டவர், ஒதுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து உண்டார், பழகினார். 1749ல் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய் அடித்தார்கள். மூன்றாண்டுச் சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மனைவி பார்கவி அம்மாளும் அதே நம்பிக்கையை ஏற்று ஞானப்பூ ஆகியிருந்தார். 2022 மே 15ல் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரிலிருந்து எழுந்த முதல் புனிதர்.

ஆதாயத்துக்காக வருகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் ஒருமுறை காற்றாடிமலைக்குப் போய் வர வேண்டும்.

ஊரோடு வந்தவர்கள்

தனியாக நடந்து வந்தவர்களின் கதைகள் மனதைத் தொடும். ஆனால் நம் கடற்கரை முழுவதும் வேறொரு வழிக்குச் சாட்சி நிற்கிறது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துச்சலாபம் தொடர்பான மோதலில் உயிருக்கும் தொழிலுக்கும் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவர்களுக்குச் செபம்கூடச் சொல்லித்தர ஆள் இல்லை. தமிழ் தெரியாத அவர், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

வந்த காரணம் பாதுகாப்பாக இருக்கலாம். பாதுகாப்புக் கொடுத்தவர்கள் கப்பலேறிப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. நம்பிக்கை போகவில்லை. அது தூத்துக்குடி பனிமய மாதாவின் தேராக இன்றும் தெருவில் வருகிறது. எந்தக் காரணத்துக்காக ஒருவர் வந்தார் என்பதைவிட, எந்தக் காரணத்துக்காக நிலைத்தார் என்பது பெரிய கேள்வி. கல்யாணத்துக்காகத் திருமுழுக்குப் பெற்ற மருமகள், இருபது ஆண்டு கழித்து வீட்டில் செபமாலையை முதலில் கையில் எடுப்பவராக இருப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்.

வாசலில் நின்றவர்

உள்ளே வராத ஒருவரையும் இந்த வரிசையில் நிறுத்த வேண்டும். சிமோன் வெய்ல், பாரிசில் யூதக் குடும்பத்தில், கடவுளைப் பற்றிய பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்தவர். தத்துவ ஆசிரியை. தொழிலாளியின் வலியைத் தன் உடலால் அறிய வேண்டுமென்று ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பெடுத்துத் தொழிற்சாலையில் இயந்திரத்தின்முன் நின்றவர். 1938ல், குருத்தோலை ஞாயிறிலிருந்து ஈஸ்டர் செவ்வாய்வரை, பிரான்சின் சொலேம் மடத்தில் தங்கினார். மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஒவ்வொரு ஒலியும் அடியாக விழுந்தது. அந்த வலிக்கு நடுவே துறவிகளின் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துவின் பாடுகள் தன்னுள் ஒரேயடியாகப் புகுந்தன என்று பின்னாளில் எழுதினார்.

அதற்குப் பிறகும் அவர் திருச்சபைக்குள் வரத் தயங்கினார். வெளியே நிற்கும் எண்ணற்ற மனிதர்களை விட்டுத் தான் மட்டும் உள்ளே போவது நியாயமா என்று டொமினிக்கன் குருவான தம் நண்பருக்கு எழுதினார். போர்க்காலத்தில், தம் நாட்டு மக்களுக்குக் கிடைக்கும் பங்கீட்டுக்கு மேல் உண்ண மறுத்து, 1943ல் இங்கிலாந்தில் 34 வயதில் இறந்தார்.

ஒவ்வோர் ஈஸ்டர் இரவிலும் கோயிலின் கடைசித் தூணருகே, கையில் திரி வாங்காமல் நின்று பார்த்துவிட்டுப் போகும் சிலர் உண்டு. வெய்லைப் படித்த பிறகு அவர்களை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஈஸ்டர் அவர்களுக்கும் நடந்துகொண்டிருக்கலாம். அதன் கணக்கு நம்மிடம் இல்லை.

உள்ளே இருப்பவர்கள் தர வேண்டிய பதில்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வியை நம்மை நோக்கித் திருப்பாமல் இருக்க முடியாது. வருகிறவரின் நேர்மையைச் சோதிக்கிறோம். வரவேற்கும் வீட்டின் நேர்மை எப்படி?

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய திருக்குடும்பக் கோயிலில், இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண இரண்டு தனிக்கூடங்களும் நடுவே சுவரும் இருந்தன. சாதிச் சுவரைத் தாண்டியவரை ஞானத்தில் பெற்றெடுத்த ஊரிலேயே சாதிக்காகச் சுவர் எழுந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடிக்கவும் பெரும் போராட்டம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் எத்தனையோ கல்லறைத் தோட்டங்களில், தேர் போகும் தெருக்களில், அந்தச் சுவரின் நிழல் இன்னும் விழுகிறது. ஒரே திரியிலிருந்து தீ வாங்கிக்கொண்டவர்கள் ஒரே தோட்டத்தில் புதைய முடியாதென்றால், அந்த இரவில் நாம் ஏற்றியது என்ன?

வருகிறவர்களிடம் நாட்டுச் சட்டமும் விலை கேட்கிறது. பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீட்டு உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு அந்த உரிமை கிடையாது. தண்ணீர் தலையில் விழுந்த நிமிடத்தில் சாதி போய்விட்டதாகச் சட்டம் சொல்கிறது, தெரு சொல்வதில்லை, பல இடங்களில் கோயிலும் சொல்வதில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தராசில் வைத்துப் பார்த்து, அதன் பிறகும் ஈஸ்டர் இரவில் முன்வரிசைக்கு வரும் ஒரு தலித் தாயின் நம்பிக்கைக்கு முன்னால், விலை எதுவும் கொடுக்காமல் பிறப்பிலேயே பெற்றுக்கொண்ட என் போன்றவர்களின் நம்பிக்கை தலைகுனிய வேண்டும்.

ஈஸ்டர் முடிந்த பிறகு அவர்களைத் தனியே விட்டுவிடுவது இன்னொரு குறை. அந்த இரவில் கைகொடுத்து வாழ்த்துகிறோம். மூன்றாம் வாரம் அவர் வரவில்லையென்றால் ஏன் என்று விசாரிக்க எத்தனை பேர் அவர் வீட்டுப் படியேறுகிறோம்? பெற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்ட வீட்டில், முதல் கிறிஸ்துமஸை அவர் யாரோடு கொண்டாடுவார்? எருசலேமில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு ஈஸ்டர் வாரம் முழுவதும் பாடம் தொடர்ந்தது என்று எகேரியா எழுதுகிறார். பிள்ளை பெற்ற வீட்டில் அடுத்த நாள் கதவைப் பூட்டிக்கொண்டு போவார்களா?

மறுபடியும் அந்த இருட்டு

முதல் ஈஸ்டரில் நம்பியவர்களும் ஒரே வழியில் வரவில்லை. மகதலா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்ததும் அடையாளம் கண்டாள். எம்மாவுக்குப் போன இருவர் வழியெல்லாம் பேசியும் கண்டுகொள்ளாமல், மாலையில் அப்பம் பிட்கையில் கண்டுகொண்டார்கள். தோமா காயத்தைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். எட்டு நாள் காத்திருந்து அவருக்காகவே இன்னொரு முறை வந்தார் ஆண்டவர். அந்தச் சந்தேகக்காரரே நம் மயிலாப்பூருக்கு வந்து உயிரைக் கொடுத்தார் என்பது நம் மரபு. மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிட்ட பிறகே கேள்வி. ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சந்தித்த ஒருவரைத்தான் இந்த நம்பிக்கை ஆண்டவர் என்று சொல்கிறது. வந்தவரின் வழியைக் கேலி செய்கிறவர், அவரைத் தேடிப் போனவரின் வழியையும் சேர்த்தே கேலி செய்கிறார்.

புதியவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, அல்லது யாரும் இல்லாத ஆண்டில் நேராகவே, சாமியார் எங்கள் பக்கம் திரும்புவார். எல்லோரும் திரிகளை மறுபடி ஏற்றிக்கொள்வோம். தீமையை விட்டுவிடுகிறீர்களா, நம்புகிறீர்களா என்று அவர்களிடம் கேட்ட அதே கேள்விகளை எங்களிடமும் கேட்பார். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்காக யாரோ சொன்ன பதிலை நான் என் வாயால் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அதைப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் முன்வரிசையில் ஈரத் தலையோடு நிற்பவரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். அவர் குரல் கொஞ்சம் நடுங்கும். என்ன விலை கொடுத்து அந்தச் சொல்லை வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் திரியிலிருந்து பக்கத்தில் இருப்பவர் தீ எடுத்துக்கொள்கிறார், அவரிடமிருந்து அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் அது என் வரிசைக்கு வருகிறது. என் திரியைச் சாய்த்து வாங்கிக்கொள்கிறேன்.